ஒரே பிடிஎஃபில் திரைப்படியும் அச்சுப்படியும்: ஓசிஜிஎக்ஸ்2 தொகுப்பு

திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என இரண்டு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிவிட்டு, எது யாரிடம் போனது என்று பின்னர் தேடிக்கொண்டிருந்த அனுபவம்தான் என்னை, கட்டளைகளால் ஆவணங்களை வடிவமைக்கும் மென்பொருளான லேட்டெக்கின் ஓசிஜிஎக்ஸ்2 என்ற கூடுதல் தொகுப்பிடம் கொண்டுவந்தது. பக்கத்தின் ஒரு பகுதியைத் தனி அடுக்காக்கி, திரையில் தெரிய வேண்டுமா, தாளில் விழ வேண்டுமா என்று தனித்தனியே குறித்துவைக்கும் வசதி 2003இல் வந்த பிடிஎஃப் 1.5 வடிவிலேயே இருக்கிறது. இந்தத் தொகுப்பு அதை எளிய கட்டளையாக்கித் தருகிறது: ஒவ்வோர் அடுக்குக்கும் 'எப்போதும்', 'ஒருபோதும் வேண்டாம்', 'தெரிந்தால் மட்டும்' என்ற மூன்றில் ஒன்றைத் திரைக்கும் அச்சுக்கும் வேறு வேறாகக் கொடுக்கலாம். ஒருங்குறி எழுத்துகளுக்காகப் பலர் நாடும் லேட்டெக் வகைகளான ஸீலேட்டெக்கிலும் லுவாலேட்டெக்கிலும் இது இயங்குகிறது.

எனக்கு மிகவும் பயன்பட்டது, சொடுக்கினால் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் சுட்டிகளுக்கான வசதி. திரையில் நிறத்தோடு தெரியும் சுட்டி, தாளில் சுற்றியுள்ள எழுத்தைப் போலவே கறுப்பாக விழுகிறது. லேட்டெக்கில் சுட்டிகளை அமைக்கும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பிலும் இதே வசதி உண்டு என்றாலும், அதில் நீண்ட சுட்டி வரியின் இறுதியில் மடியாமல் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். இங்கே அது ஒழுங்காக அடுத்த வரிக்கு மடிகிறது. வண்ண வரைபடம் இருந்த இடத்தில் அச்சின்போது கோடுகளால் நிரப்பிய கறுப்பு வெள்ளைப் படம் வருமாறும் அமைத்தேன். நகலெடுத்த தாளிலும் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தெளிவாக இருந்தன.

ஆனால் இரண்டு வடிவங்களும் ஒரே பக்க அளவையும் ஒரே வரி அமைப்பையும் பகிர்ந்தாக வேண்டும். அடுக்கை மறைத்தால் எழுத்து நகர்ந்து அந்த இடத்தை நிரப்பாது. அதைவிடப் பெரிய சிக்கல், அச்சுக்கான குறிப்பைப் பொருட்படுத்தாத பிடிஎஃப் செயலிகளும் இருப்பது. அப்படி ஒன்றில் அச்சிட்டபோது திரைக்கான பொத்தான்கள் அனைத்தும் தாளில் விழுந்தன. அதனால், எல்லாக் குறிப்புகளும் புறக்கணிக்கப்பட்டாலும் இரண்டு அடுக்குகளின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி, அவற்றுக்குப் பக்கத்தில் வேறு வேறு இடம் ஒதுக்குவதையே இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன். ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நெடுங்காலம் பாதுகாப்பதற்கான பிடிஎஃப் தரங்களில் பிடிஎஃப்/ஏ-1 அடுக்குகளை ஏற்பதில்லை, பிடிஎஃப்/ஏ-2 ஏற்கிறது.

சுட்டி, நிறம், பொத்தான், படம் ஆகிய அளவில் மாறும் ஆவணங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். திரைக்கு அகலப் பக்கமும் அச்சுக்கு நெடும்பக்கமும் தேவைப்படும்போது மட்டும், அச்சுப்படியைத் திரைப்படிக்குள்ளேயே இணைப்புக் கோப்பாகச் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.