மூவடுக்கு எவர்சில்வர் பாத்திரங்கள்: சமையலில் குறையில்லை, விளிம்பில்தான் தகராறு

நான் சில ஆண்டுகளாகப் புழங்கிவரும் மூவடுக்கு எவர்சில்வர் பாத்திரத் தொகுப்பின் விலை இப்போது குறைந்திருக்கிறது. அதைப் பார்த்த நண்பர் ஒருவர், வாங்கலாமா என்று கேட்டார். சமைப்பதற்கு அருமையானது என்றும், ஆனால் விளிம்பை விரலால் தடவிப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். பாத்திரத்தின் விளிம்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் தன்னளவில் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாத உலோகம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகக் கடத்தும். அடியில் மட்டும் அலுமினியத் தகடு ஒட்டிய பாத்திரங்களில், அந்தத் தகடு முடியும் இடத்தைச் சுற்றி மெல்லிய சுவரில் நெருப்பு நேராகப் படுவதால், அங்கே வட்டமாகத் தீய்ந்துபோவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இந்தத் தொகுப்பில் அலுமினியம் அடியிலிருந்து வாய்வரை இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே ஒரே சீராக ஓடுகிறது. வெங்காயம் வதக்கினால் நடுவில் கருகி ஓரத்தில் பச்சையாக நிற்பதில்லை. பால் காய்ச்சினால் ஓரத்தில் அடிப்பிடித்துக் காந்தல் வாடை வருவதில்லை. வாணலி நன்றாகச் சூடேறி, தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகாமல் முத்துமுத்தாக உருண்டோடும் பதம் வந்தபின், தீயைச் சற்றுத் தணித்து எண்ணெய் விட்டால் முட்டைகூட ஒட்டாமல் எழும்பி வருகிறது. மேற்பூச்சு உரிந்துபோகுமோ என்ற கவலையும் இல்லை. வெளித்தகடு காந்தம் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்கிறது.

இனி விளிம்புக்கு வருகிறேன். தகட்டை வெட்டிய இடத்தில் மூன்று அடுக்குகளும் அப்படியே வெளியே தெரிகின்றன. மேலிருந்து பார்த்தால் இரண்டு பளபளப்பான கோடுகளுக்கு நடுவே மங்கிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடுதான் அலுமினியம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் சோப்புத்தூள் காரத்தன்மை கொண்டது. எவர்சில்வரை ஒன்றும் செய்யாத அந்தக் காரம், அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கரைத்து, பிறகு உலோகத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. முதலில் துடைக்கும் துணியில் சாம்பல் நிறக் கறை படிந்தது; அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளடைவில் தேய்க்கும் பஞ்சின் நார்கள் விளிம்பில் மாட்டிக் கிழியத் தொடங்கின. இன்று நகத்தால் கீறினால் ஒரு பள்ளம் தெளிவாகத் தட்டுப்படுகிறது. அதற்கு இருபுறமும் நிற்கும் எவர்சில்வர் ஓரங்கள் கத்தி முனைபோல் இருக்கின்றன. கழுவிக் கவிழ்த்து, காய்ந்துவிட்டது என்று எடுத்து அடுக்கினால், அந்தப் பள்ளத்தில் தங்கிய அழுக்குத் தண்ணீர் அடுத்த பாத்திரத்தின் உள்ளே சொட்டுகிறது. என் கட்டைவிரல் இரண்டு தடவை அறுபட்டதுகூடப் பெரிதில்லை. அந்தச் சொட்டுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

இயந்திரத்தில் கழுவலாம் என்று இதைத் தயாரித்தவர்களின் கையேடே சொல்கிறது. புகார் செய்தபோது, இது இயல்பான தேய்மானம், சமையலைப் பாதிக்காது என்று பதில் வந்தது. சமையலைப் பாதிக்காது என்பது உண்மைதான். அரிப்பு விளிம்போடு நிற்கிறது, உணவு படும் பரப்பு முழுவதும் எவர்சில்வராகவே இருக்கிறது. ஆனால் கழுவும்போது கையை அறுக்கும் பாத்திரத்தை இயல்பாகத் தேய்ந்த பாத்திரம் என்று எப்படிச் சொல்வது? கையால் மட்டுமே, சாதாரணப் பாத்திர சோப்பால் கழுவும் வீட்டில் இந்தத் தொல்லை அநேகமாக வரவே வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படியென்றால் அதைக் கையேட்டில் ஒரு வரியாக அச்சிடுவதில் அவர்களுக்கு என்ன நட்டம்?

நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தேன். கூர்மை மழுங்கியது, பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் எவர்சில்வர் ஓரங்களை அழுத்திச் சேர்த்து அலுமினியம் வெளியே தெரியாதபடி மூடிவிடுகிறார்கள். விற்பனைப் படங்களில் இதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் நேரில் எடுத்துப் பார்ப்பதே நல்லது. தொகுப்பின் எண்ணிக்கையில் மூடிகளையும் தனித்தனி உருப்படிகளாகச் சேர்த்துவிடுவார்கள் என்பதையும், மிகச் சிறிய பாத்திரம் பெரும்பாலும் அலமாரியிலேயே தங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொண்டால், தேவையான வாணலியையும் ஆழமான பாத்திரம் ஒன்றையும் தனித்தனியாக வாங்குவதே போதும்.

ஆகவே நண்பரே, விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் இந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம். என்னுடையதைத் தள்ளிவிடப் போகிறேனா என்றும் கேட்டீர்கள். அந்த வாணலியை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.