பிக்சி டஸ்ட் பாஸும் பிள்ளையார் நோன்பும்

மார்கழியில் எங்கள் செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் நூல்திரி வைத்து ஏற்றும் விளக்கு) எடுத்துக்கொள்ள ஊரில் இருந்தாக வேண்டும். தை மாதம் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்குச் சோறு போடுவதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதெல்லாம் முடிந்து மாசி பிறந்தால், காரைக்குடி வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிட்டு, நானும் வீட்டுக்காரரும் ஃபிளோரிடாவுக்குக் கிளம்பிவிடுவோம். திரும்புவது ஆவணி வாக்கில். பச்சை அட்டைக்காரர்கள் (கிரீன் கார்டு, அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி உள்ளவர்கள்) ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே தங்கினால் திரும்ப நுழையும்போது கேள்வி வரும், அதனால்தான் இந்த வரவும் போக்கும்.

மகன் இருப்பது ஆர்லாண்டோவில். டிஸ்னி வேர்ல்டு என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா அங்கிருந்து காரில் அரை மணி நேரம். 2023 மார்ச்சில் ஆளுக்கொரு வருடாந்திர பாஸ் வாங்கினோம். ஊரில் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். "இந்த வயசுல ராட்டினம் சுத்தவா போறீக?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ராட்டினத்தில் நாங்கள் அதிகம் ஏறுவதில்லை என்பதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், அதனால் முதலில் கணக்கு. அங்கே வருடாந்திர பாஸில் நாலு வகை. விலை குறைந்தது பிக்சி டஸ்ட். அது ஃபிளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், முகவரிச் சான்று காட்ட வேண்டும். நாங்கள் வாங்கும்போது 399 டாலர், மேலே வரி. 2023 அக்டோபரில் 439 ஆக்கினார்கள், அடுத்த அக்டோபரில் 469. வெளி மாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வாங்கக்கூடியது இன்கிரெடி பாஸ் ஒன்றுதான், அது அப்போதே 1,399 டாலர். 2023-இல் ஒரு நாள் டிக்கெட் குறைந்தது 109, கிறிஸ்துமஸ் சமயம் 189 வரை போனது. மூத்த குடிமக்களுக்கு என்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஆக, நாலு தடவை போனால் எங்கள் பாஸின் காசு வந்துவிடும். முதல் வருடம் நாங்கள் போனது 38 தடவை. ஒரு தடவைக்கு 11 டாலர் சொச்சம். கார் நிறுத்தும் கட்டணமும் பாஸ்காரர்களுக்கு இல்லை.

இந்தப் பாஸில் சனி, ஞாயிறு உள்ளே விடமாட்டார்கள். கிறிஸ்துமஸ், நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரங்களிலும் கிடையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய குறை. நமக்கென்ன, எல்லா நாளும் ஞாயிறுதானே! அவர்கள் கதவடைக்கும் மார்கழியில் நான் இங்கே மாவிளக்கு பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் கணக்கை மட்டும் பார்த்து இந்தப் பாஸைப் பாராட்டவில்லை. 2022-இல் ஒரு நாள் டிக்கெட்டில் போயிருந்தோம். காலை எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தது, ராத்திரி வாணவேடிக்கை முடிந்துதான் வெளியே வந்தோம். கொடுத்த காசு வீணாகக்கூடாதே என்று ஒவ்வொரு வரிசையிலும் நின்று, கல்யாணப் பந்தியில் வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரி ஆனோம். வீட்டுக்காரரின் முழங்கால் வீங்கி மூன்று நாள் கட்டிலில் கிடந்தார். பாஸ் வந்த பிறகு இரண்டு மணி நேரம் இருப்போம். கால் வலித்தால், மழை இருட்டினால், சும்மா அலுத்துப்போனால்கூட, திரும்பிவிடுவோம். ஒருநாள் ஒரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாத்து பார்த்துவிட்டு வந்தோம். ஒரு நாள் டிக்கெட்டில் அதற்கு மனசு வராது.

டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் நாலு பூங்காக்களில் எங்களுக்குப் பிடித்தது எப்காட். அங்கே ஓர் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கட்டடங்கள். 1982-இல் ஒன்பதோடு தொடங்கி, மொராக்கோவும் நார்வேயும் பிறகு சேர்ந்தன. இந்தியா இல்லை. ஒரு சுற்று ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர், தரை சமமாக இருக்கும், நடைப்பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. முதல் தடவை சுற்றி முடித்ததும் வீட்டுக்காரர் சொன்னார்: "நம்ம ஐயா இதை ஒரே வீட்டுக்குள்ள கட்டிட்டாரே." எங்கள் காரைக்குடி வீட்டைக் கட்டிய பெரியவரைச் சொன்னார். உண்மைதான். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஜப்பான் பூக்கல், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அங்கே மேஜிக் கிங்டம் என்ற இன்னொரு பூங்காவின் கடைத்தெருவில் மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிதாகக் கட்டி உயரமாகத் தெரிய வைத்திருக்கிறார்கள். 189 அடிக் கோட்டையில் ஒரு செங்கல்கூடக் கிடையாது, இரும்பும் கான்கிரீட்டும் கண்ணாடி இழையும்தான். அதைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசிய நிஜ அரண்மனைகள் இங்கே பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடக்கின்றன, உள்ளே வௌவால். சரி, அது வேறு கதை.

மேஜிக் கிங்டத்தில் பீப்பிள்மூவர் என்று ஒரு வண்டி, 1975-இலிருந்து ஓடுகிறது. தலைக்கு மேலே ஒரு பாதையில் பத்து நிமிடம் மெதுவாகச் சுற்றி வரும், நல்ல காற்று. ஒன்று மட்டும் கவனம், அது நிற்காது. ஏறுமிடத்தில் தரையும் வண்டியோடு சேர்ந்து நகரும். முழங்கால் தடுமாறுபவர்கள் கையைப் பிடித்து ஏறுங்கள். பக்கத்திலேயே கரோசல் ஆஃப் பிராகிரெஸ். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த பொம்மை நாடகம் அது. மேடை அப்படியே இருக்க, நாம் உட்கார்ந்திருக்கும் அரங்கம் அதைச் சுற்றி வரும். குளிர்சாதனம் உண்டு, வரிசை பெரும்பாலும் இராது. வீட்டுக்காரர் இரண்டாவது காட்சியிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். விலங்குகளுக்கான பூங்காவான அனிமல் கிங்டத்தின் சஃபாரி லாரி மட்டும் இடுப்பு வலிக்காரர்களுக்கு வேண்டாம். மானும் ஒட்டகச்சிவிங்கியும் அழகுதான், ஆனால் குலுக்கலில் நம்மூர்க் கண்மாய்க்கரை ரோடு தோற்கும்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. நான் புளியோதரையும் கந்தரப்பமும் எடுத்துப்போவேன். ஒருமுறை பை சோதிக்கும் இளைஞர் தேன்குழலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சாப்பிடுவதற்கா என்று கேட்டார். ஒன்று கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வேண்டாமென்றுவிட்டார். உணவுக்கடைகளில் ஐஸ் தண்ணீர் ஒரு கோப்பை கேட்டால் காசில்லாமல் தருவார்கள்.

தொல்லை என்றால் கைபேசிதான். பாஸ் இருந்தாலும் பல நாட்களில் முன்பதிவு செய்துதான் போக வேண்டும், எங்கள் வகையில் ஒரே நேரத்தில் மூன்றுதான் வைத்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரலிலிருந்து வாரநாட்களில் மதியம் 2 மணிக்கு மேல் முன்பதிவு இல்லாமலே போகலாம் என்றார்கள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. அதுவரை, "அப்பத்தா, தேதியைத் தப்பா அமுக்கிட்டீங்க" என்று பேத்தி கடிந்துகொள்ளாத வாரமில்லை. வரிசையைத் தாண்டிப் போகும் வழிக்குத் தனிக் காசு, அதை ஒருநாளும் வாங்கவில்லை. வைகாசி முடிந்தால் பிற்பகலில் தினமும் இடி மழை, மின்னல் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் காலையில் போய்ப் பதினொன்றரைக்குள் கிளம்பிவிடுங்கள். கால் முடியாத நாளில் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்தோம், நாளைக்கு 12 டாலர். தள்ளியது நான். அன்று எனக்கும் முடியாமல் போயிற்று.

இரண்டு மாதம் மட்டும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது வேண்டாம், சில நாட்களுக்கான டிக்கெட்டே போதும். கார் ஓட்டத் தெரியாமல், கொண்டுபோய் விடவும் ஆளில்லாமல் இருந்தால் அப்போதும் வேண்டாம். எங்களை மருமகள் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடுகிறாள். வருடத்தில் பாதி நாள் பாஸ் தூங்குகிறது என்பதும் உண்மை, வேறு யாருக்கும் மாற்றிக்கொடுக்க முடியாது. எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. வீட்டுக்காரருக்கு உறுத்தவில்லை.

இப்போது காரைக்குடியில் இருக்கிறோம். சாயங்காலம் வீட்டுக்காரர் எங்கள் வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றி நடக்கிறார். எத்தனை சுற்று நடந்தால் ஒரு எப்காட் என்று கணக்குப் போடச் சொன்னார். சேலை முந்தானையால் அளந்து பார்த்து, 48 என்றேன். நேற்று 22-இல் உட்கார்ந்துவிட்டார், காபி கேட்டு.