“ஆளுக்கு 1 ஜிபி லிமிட்” என்று விற்கும் பகிர்வு சர்வர்: பணம் கட்டும் முன் பாருங்கள்

நண்பரின் அச்சகத்துக்குக் காலண்டர் ஆர்டர் எடுக்க ஒரு சின்ன தளம் செய்து கொடுத்திருந்தேன். அதை ஓட்ட, லினக்ஸ் சர்வரில் ஷெல் அக்கவுண்ட் (லாகின் செய்து கட்டளை அடித்து வேலை பார்க்கும் கணக்கு) விற்கும் ஒருவரிடம் வருடத்துக்கு 3,600 ரூபாய் கட்டினேன். 32 ஜிபி மெமரி உள்ள மெஷின், இருபது பேர் பங்கு. “ஆளுக்கு 1 ஜிபி லிமிட் போட்டிருக்கோம் சார், ஒருத்தரால இன்னொருத்தருக்குத் தொந்தரவே வராது” என்றார். பெயர் சொல்லப் போவதில்லை. இதே வசனம் பேசுகிறவர்கள் நிறைய.

நவம்பரில் ஆர்டர் குவிகிற நேரம். தினமும் ராத்திரி பதினொரு மணி வாக்கில் தளம் படுத்துவிடும். கேட்டால், “உங்க கோடு கனமா இருக்கு, பெரிய பிளானுக்கு மாறுங்க.” நானும் இரண்டு நாள் என் கோடைத்தான் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் லாகைப் பார்த்தேன். மெமரி தீர்ந்து என் பைத்தான் புராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை) கர்னல் கொன்ற கதை வரிசையாக இருந்தது. என்னுடையது வெறும் 600 எம்பி. ஓடும் புராசஸ்களைக் காட்டும் ‘டாப்’ போட்டால், வேறொரு யூசர் பெயரில் முந்நூறு புராசஸ், ஒவ்வொன்றும் 80 எம்பி!

விஷயம் இதுதான். விற்றவர் போட்டிருந்தது ‘யூலிமிட்’ என்ற லினக்ஸ் வரம்பு. அதில் மெமரி அளவு புராசஸுக்குத்தான், ஆளுக்கு அல்ல. பக்கத்து ஆளின் ஒவ்வொரு புராசஸும் ஒழுக்கமாக 1 ஜிபிக்குள் இருக்கிறது. கூட்டினால் 24 ஜிபி. மெமரி தீரும்போது கர்னல் எந்த ஆள் அதிகம் தின்றார் என்று பார்க்காது, எந்தத் தனி புராசஸ் பெரியது என்றுதான் பார்க்கும். சிக்கியது நான். புராசஸ் எண்ணிக்கைக்கான வரம்பைப் பார்த்தால் 1,27,000 சொச்சம். அது அவர் வைத்ததே இல்லை. மெமரியைக் கணக்கிட்டு கர்னல் தானாக எடுத்துக்கொள்ளும் எண்.

ஆளுக்கு லிமிட் வேண்டுமானால், புராசஸ்களைக் குழுவாகச் சேர்த்து மொத்தத்துக்கு வரம்பு போடும் சிகுரூப் வேண்டும். 2008-லேயே கர்னலுக்குள் வந்துவிட்டது. இன்று சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், ஒரு யூசரின் புராசஸ்கள் அடங்கும் யூசர் ஸ்லைஸுக்கு மெமரிமேக்ஸ் (மெமரி வரம்பு), டாஸ்க்ஸ்மேக்ஸ் (எண்ணிக்கை வரம்பு) என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

இதை விளக்கி மெயில் போட்டேன். உடனே லிமிட் போட்டார், எனக்கு மட்டும்! 20 புராசஸ். ஒரு புராசஸுக்குள் ஓடும் த்ரெட்டும் அந்தக் கணக்கில் சேரும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் ஃபைல் பட்டியல் காட்டும் ‘எல்எஸ்’ அடித்தால்கூட, ஃபோர்க் (புதிய புராசஸ் உருவாக்குவது) முடியாது என்று திருப்பி அனுப்பியது. மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதிலே இல்லை.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு நாள் லாகின் கேளுங்கள். அடுத்தவர் புராசஸ் உங்கள் கண்ணில் படுகிறதா? அப்படியானால் புராசஸ் விவரம் இருக்கும் புராக்கை ‘ஹைட்பிட்’ என்ற ஆப்ஷன் போட்டு மறைக்கவில்லை. ஹோமுக்குள் அடுத்தவர் ஃபோல்டர் திறக்கிறதா? இங்கே எல்லாம் 755, அதாவது யாரும் திறந்து பார்க்கலாம். காலி செய்யும்போது பார்த்தேன், ஒரு கடைக்காரரின் செட்டிங்ஸ் ஃபைல் டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு 644-ல், யாரும் படிக்கும்படி கிடந்தது. மனசு கேட்காமல், ஃபோல்டரை 711-க்கும் (மற்றவர் பட்டியல் பார்க்க முடியாது) அந்த ஃபைலை 600-க்கும் (உரியவர் மட்டுமே படிக்கலாம்) மாற்றச் சொல்லி அந்தக் கடைக்காரருக்கு எழுதினேன்.

“யார் நீங்க? என் ஃபைலை எதுக்குத் திறந்தீங்க?” என்று பதில் வந்தது. மறுநாள் பார்த்தேன், ஃபைல் 600 ஆகியிருந்தது.