பிகோஇஎம்பி: இரண்டரை வருடம் கையில் வைத்திருந்த பிறகு

சிப்புக்கு மேலே ஒரு காந்தத் துடிப்பை அடித்து, அது போடும் கணக்கைத் தப்பாக்குவதுதான் இந்தக் கருவியின் வேலை. வன்பொருள் பாதுகாப்பு ஆய்வாளர் காலின் ஓ'ஃப்ளின் வடிவமைத்தது. வரைபடம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, மூளை ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு. பாகம் வாங்கி நானே சால்டர் செய்தேன். சுமார் 250 வோல்ட் ஏறும் பகுதியைப் பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை தொட்டேன். அப்புறம் கழற்றவில்லை.

துடிப்பை வெளியே விடும் முனை மட்டும் படுத்தியது. ஃபெரைட் துண்டில் எனாமல் கம்பியைச் சுற்றிச் செய்வது; முதல் மாதம் முழுக்க அடி வாங்கும் சோதனை போர்டு ஹேங் ஆனது, இல்லையென்றால் ரீசெட் ஆனது. நடுவிலிருந்து ஓரத்துக்கு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, சரியான இடம் சிக்கியதும் சிப்பின் மேலேயே வெள்ளை மையால் புள்ளி வைத்தேன்.

சோதனைக்கு வைத்தது நான் எழுதிய ஆர்எஸ்ஏ கையெழுத்து, 2048 பிட்: ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் கையெழுத்து, பொதுச்சாவியால் யாரும் சரிபார்க்கலாம். வேகத்துக்காக, ரகசியச் சாவிக்கு அடிப்படையான இரண்டு பகா எண்களுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் சேர்க்கும் முறை. சோதனை போர்டின் நோஞ்சான் கண்ட்ரோலர் ஒரு கையெழுத்துக்கு ஒரு நொடிக்கு மேல் எடுக்கும். அவ்வளவு நேரம் இருந்தால், சரியான நொடியில் அடிக்கச் சொல்லும் ட்ரிகர் எதற்கு? கட்டைவிரலால் பட்டனை அழுத்தினாலே போதும். ஏதாவது ஒரு பாதி கெட வேண்டும், எங்கே கெட்டது என்பது பொருட்டே இல்லை. தப்பான கையெழுத்தைப் பொதுச்சாவியின் அடுக்குக்கு உயர்த்தி, அசல் எண்ணைக் கழித்து, மாடுலஸோடு (அந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல்) மீப்பெரு பொது வகுத்தி பார்த்தேன். பைத்தானில் இரண்டு வரி. பகா எண் வந்து விழுந்தது, அதோடு ரகசியச் சாவியும் போச்சு. ஒரு பிழை போதும், சாவி உடையும் என்று போனே, டிமிலோ, லிப்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1996-லேயே சொன்னதுதான்; தப்பான ஒரே கையெழுத்தை வைத்து எடுக்கும் இந்த வழி லென்ஸ்ட்ராவுடையது. ஆனாலும் என் மேசையில் நடந்தபோது வயிற்றைக் கலக்கியது.

ஒரே ரகசியச் சாவியால் பூட்டித் திறக்கும் ஏஇஎஸ் குறியாக்கம் வேறு கதை. அதன் கணக்கு சுற்றுச் சுற்றாக நடக்கும்; கடைசிச் சில சுற்றுகளுக்குள் மைக்ரோநொடிக் கணக்கில் அடிக்க வேண்டும். ட்ரிகர் கம்பி இழுத்தும் ஆயிரம் தடவை அடித்ததில் உருப்படியாகத் தேறியது ஏழெட்டு. இந்த வேலைதான் முக்கியம் என்றால் காசு கூடப் போட்டு வேறு கருவி வாங்குங்கள்.

மலிவு என்று இளப்பமாகப் பார்க்கவும் வேண்டாம். 2022-ல் ஆய்வாளர் லெனர்ட் வவுட்டர்ஸ் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய டிஷ்ஷின் பாதுகாப்பைத் தாண்டியது சுமார் 25 டாலர் பாகங்களில். அது காந்தத்தால் அல்ல, சிப்பின் மின்னழுத்தத்தை நொடிப்பொழுது சரித்துச் செய்தது.

இதுவரை செத்தவை: மூன்று போர்டு, ஒரு யுஎஸ்பி ஹப். எல்லாம் என் அவசரம்.

கையெழுத்தை வெளியே அனுப்பும் முன் பொதுச்சாவியால் ஒருமுறை சரிபார்த்து, தப்பென்றால் நிறுத்தும்படி ஃபர்ம்வேரை (போர்டில் ஓடும் நிரலை) மாற்றினேன். அதற்கு ஆகும் நேரம் சொற்பம். அதே போர்டு, அதே வெள்ளைப் புள்ளி. இரண்டு வாரமாக அழுத்துகிறேன், பிழைக் குறியீடு மட்டும்தான் வருகிறது.