ராஸ்பெரி பை பிகோ: கற்றுக்கொள்ள அருமை, பேட்டரியில் ஓட்ட வேண்டாம்

பெயரில் ராஸ்பெரி பை இருக்கிறதே என்று மானிட்டரும் கீபோர்டும் மாட்ட நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம். 2021 ஜனவரியில் வெளியான பிகோ, லினக்ஸ் ஓடும் கணினி அல்ல; மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதாவது கருவிகளைக் கட்டுப்படுத்தும் ஒற்றைச் சிப் கொண்ட சிறு பலகை. மின்சாரம் வந்ததும் நாம் ஏற்றிய ஒரே புரோகிராம் ஓடத் தொடங்கும், மின்சாரம் போகும்வரை அதுவேதான். சென்சாரைப் படி, முடிவெடு, ரிலேயைப் போடு அல்லது அணை, மறுபடி முதலிலிருந்து. வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் எம்பெடட் சிஸ்டமும் செய்வது இதைத்தான். அந்த வேலையின் ஒவ்வொரு பாகத்தையும் கண்ணெதிரே காட்டுவதில் பிகோவுக்கு நிகர் குறைவு.

பிகோவின் மூளையான ஆர்பி2040 சிப்பில், வெளியானபோது 133 மெகாஹெர்ட்ஸ் வரை என்று குறிக்கப்பட்ட இரண்டு கார்டெக்ஸ் எம்0+ கோர்கள், 264 கிலோபைட் ராம். மின்சாரம் போனாலும் புரோகிராமை வைத்திருக்கும் ஃபிளாஷ் மெமரி மட்டும் சிப்புக்குள் இல்லை. பக்கத்தில் 2 மெகாபைட் தனிச் சிப்பாக உட்கார்ந்திருக்கிறது. புரோகிராம் அங்கிருந்தே, 16 கிலோபைட் கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) வழியாக ஓடுகிறது. கேஷில் இல்லாத வரி வந்தால் தாமதம்தான். எனவே நேரம் தவறக்கூடாத இன்டரப்ட் ஃபங்ஷன்களை (நடக்கும் வேலையை இடைமறித்து உடனே ஓடுபவை) ராமில் வைக்க வேண்டும். செட்டிங்கைச் சேமித்ததும் போர்டு உறைந்துபோகிறது என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதே அமைப்புதான் காரணம். ஃபிளாஷை 4096 பைட் செக்டராக அழித்து எழுதும் நேரத்தில் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. அப்போது ஒரு இன்டரப்டோ இரண்டாவது கோரோ ஃபிளாஷைத் தொட்டால் கதை முடிந்தது. எழுதும் முன் இன்டரப்டை நிறுத்துங்கள், மற்ற கோரையும் நிறுத்துங்கள்.

புரோகிராம் ஏற்றுவது எளிது. பூட்செல் பட்டனை அழுத்தியபடி யூஎஸ்பி கேபிளைச் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். யூஎஃப்2 ஃபைலை அதில் போட்டால் போதும். தெரியவில்லையா, முதலில் கேபிளை மாற்றுங்கள்: சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் டேட்டா கம்பி இருக்காது. புரோகிராமை ஏற்றித் தரும் பூட்லோடர் ஃபிளாஷில் அல்ல, அழிக்க முடியாத ரோமில் இருப்பதால் எவ்வளவு மோசமான புரோகிராமை ஏற்றினாலும் போர்டை மீட்டுவிடலாம். ரீசெட் பட்டன் இல்லாதது எரிச்சல். 30ஆம் பின்னான ரன்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு புஷ் சுவிட்ச் வையுங்கள்.

இதன் மகுடம் பிஐஓ, அதாவது நாமே புரோகிராம் செய்யக்கூடிய இன்புட்/அவுட்புட் பகுதி. கோர்களைத் தொந்தரவு செய்யாமல் பின்களை மட்டும் ஆட்டுவதற்கென்றே எட்டு குட்டி ஸ்டேட் மெஷின்கள் (தனியாக ஓடும் மிகச் சிறிய புராசசர்கள்). இரண்டு தொகுதி, தொகுதிக்கு நான்கு. ஒரே டேட்டா கம்பியில் நிறம் மாற்றும் டபிள்யூஎஸ்2812 எல்இடிக்கு ஒரு பிட் 1.25 மைக்ரோவினாடியில் போய்ச்சேர வேண்டும். சாதாரண லூப்பில் இதைச் செய்தால், நடுவில் ஒரு இன்டரப்ட் புகுந்தாலே நிறம் தப்பிவிடும். பிஐஓவில் சில வரி எழுதிவிட்டால், மெயின் புரோகிராம் என்ன செய்துகொண்டிருந்தாலும் நேரம் பிசகாது. நான்கு ஸ்டேட் மெஷின்களுக்குச் சேர்த்து 32 கட்டளைதான் இடம் என்பது ஒன்றே நெருக்கடி.

வோல்டேஜை எண்ணாக மாற்றும் அனலாக் பகுதி (ஏடிசி) சுமார் ரகம். 12 பிட் என்று எழுதியிருந்தாலும் பயனுள்ள துல்லியம் 9 பிட்டைக்கூடத் தொடாது, டேட்டாஷீட்டே 8.7 என்கிறது. ஜிபிஐஓ 23ஐ (புரோகிராமால் ஆட்டக்கூடிய 23 எண் இணைப்பை) ஹை ஆக்கினால் பவர் சப்ளையின் இரைச்சல் குறையும். இன்னும் வேண்டுமானால் 35ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 3 வோல்ட் ரெஃபரன்ஸ் (நிலையான ஒப்பீட்டு வோல்டேஜ் தரும் சிப்) ஒன்றைப் போடலாம். எடையை அளக்கும் லோட் செல் வேலைக்கு வெளி ஏடிசி வாங்குவதே நல்லது.

பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். அல்ட்ராசோனிக் சென்சாரின் 5 வோல்ட் எக்கோ சிக்னலை நேராகக் கொடுக்காதீர்கள். சென்சார் பக்கம் 1 கிலோஓம், கிரவுண்ட் பக்கம் 2 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து நடுவிலிருந்து எடுங்கள். மோட்டாரை, ரிலேயைப் பின்னிலிருந்து நேரடியாக ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

புரோகிராம் உறைந்தால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரின் உச்சவரம்பு சுமார் 8.3 வினாடி, போதுமானது. அதற்கு உணவூட்டும் வரியை, அதாவது 'இன்னும் உயிரோடு இருக்கிறேன்' என்று எண்ணிக்கையைத் திரும்பத் தொடங்கவைக்கும் வரியை, டைமர் இன்டரப்டில் வைப்பவர்கள் ஏராளம். மெயின் லூப் செத்த பிறகும் இன்டரப்ட் ஊட்டிக்கொண்டே இருக்கும், ரீசெட் நடக்கவே நடக்காது.

தூங்கவைத்தாலும் போர்டு 1 மில்லிஆம்பியர் அளவில் குடிக்கிறது. மாதக்கணக்கில் பேட்டரியில் ஓடவேண்டிய கருவிக்கு, மைக்ரோஆம்பியரில் தூங்கும் எஸ்டிஎம்32 எல் வரிசை மைக்ரோகன்ட்ரோலர் போன்ற ஒன்றைப் பாருங்கள்.

2024இல் வந்த பிகோ 2இல் ராம் 520 கிலோபைட். தசமக் கணக்கை ஹார்டுவேரிலேயே போடும் எம்33 கோர்கள். வாங்குவதானால் சிப்பின் ஸ்டெப்பிங்கை (திருத்தப் பதிப்பை) கவனியுங்கள்: ஏ2வில் உள் புல்டவுன் (பின்னைக் கிரவுண்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போட்ட இன்புட் பின் 2.2 வோல்ட் அருகே சிக்கிக்கொள்ளும். வெளியே 8.2 கிலோஓம் அல்லது அதற்கும் குறைந்த ரெசிஸ்டர் வைத்தால் சரியாகும். ஏ4இல் குறையையே நீக்கிவிட்டார்கள்.