ஏற்றத்தில் நோகிறதா, இறக்கத்தில் நோகிறதா? சுளுக்குக்குப் பின் வளர்ந்த எலும்புக்கு எந்த வைத்தியம்

சுளுக்கு ஆறி மாதக்கணக்காகியும் கணுக்கால் நோகிறதா? ஊசியா ஒப்பரேஷனா என்று யோசிக்குமுன், எப்போது நோகிறது என்று பாருங்கள். கொழுந்து மலையில் ஏறும்போதும் குந்தும்போதும் முன்பக்கம் குத்தினால், மூட்டின் முன்விளிம்பில் எலும்பு முள் வளர்ந்திருக்கலாம். பாதம் மேலே மடங்கும்போது அது சவ்வை நசுக்கும். படியிறங்கும்போது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் நோவது வேறு கோளாறு. எக்ஸ்ரேயில் முள் தெரிந்தாலே அதுதான் காரணம் என்றும் இல்லை. நோவே இல்லாதவர்களுக்கும் முள் இருக்கும்.

முதல் வழி செலவில்லாதது. சப்பாத்துக்குள் குதிகால் படும் இடத்தில் 1 சென்ரிமீற்றர் உயர ரப்பர் துண்டு வைத்தால் பாதம் மடங்குவது குறையும். இரண்டு காலுக்கும் வையுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு நோகலாம். செருப்போடு மலைக்குப் போகிறவர்களுக்கு இது உதவாது. பின்பக்க நோவுக்கோ இது கெடுதல். கூடவே ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது, குதியை உயர்த்தி இறக்குவது என்று 3 மாதம் தொடர வேண்டும். கெண்டைத் தசையை இழுக்கிறேன் என்று முன்பக்கம் குத்துமளவுக்குத் தள்ளினால் வீக்கம் கூடும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவினாலும் முள் கரையாது.

ஸ்டீரொயிட் ஊசி வீக்கத்தைத்தான் அடக்கும். சீனி வியாதிக்காரருக்குச் சில நாள் சீனி ஏறும். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு கெடலாம். இதை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே எடுக்கலாம்.

முள்ளையே எடுப்பது கமெரா ஒப்பரேஷன். முன்பக்கம் இரண்டு சிறு துளை போட்டு, ஒன்றில் கமெராவும் மற்றதில் அரைக்கும் கருவியும் விடுவார்கள். மூட்டு இடைவெளி நன்றாக இருந்தால் பலன் நல்லது. இடைவெளி சுருங்கித் தேய்மானம் வந்துவிட்டால் முள்ளை எடுத்தாலும் நோ மிஞ்சும். அதனால் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே அவசியம். வெளிப்பக்கத் துளைக்கு அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. அது காயப்பட்டால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும்.

எங்கள் தெரிவு: முதலில் 3 மாதப் பயிற்சி, சரிவராவிட்டால் ஒப்பரேஷன். கண்டி தேசிய வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக்குக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேகளையும் கொண்டுபோங்கள். கால் அடிக்கடி பிரள்கிறது என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். கணுக்கால் எலும்புகளை இணைக்கும் நார் தளர்ந்திருக்க முள்ளை மட்டும் எடுத்தால் திரும்ப வளரக்கூடும். சமதளத்தில் இரண்டு வாரத்தில் நடப்பவரும் கூடையோடு மலையேற ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். அதுவரை இலேசான வேலை தரும்படி கடிதம் கேட்டு வாங்குங்கள்.