அண்ணா நகர் அறையா, பந்தலூர் பிஎச்சியா: நீட் பிஜிக்கு எங்கே உட்கார்ந்து படிப்பது?

எம்பிபிஎஸ்ஸின் கடைசிப் பயிற்சி வருஷமான ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போகும் பிள்ளைகள், மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜி பற்றி வருஷா வருஷம் ஒரே கேள்வியோடு போன் பண்ணுகிறார்கள். "அக்கா, டிராப் போட்டு சென்னையில உட்காரட்டுமா, இல்ல எம்ஆர்பி எழுதி பிஎச்சியில சேர்ந்துகிட்டே படிக்கட்டுமா?" டிராப் என்றால் வேலைக்குப் போகாமல் ஒரு வருஷம் படிப்புக்கே ஒதுக்குவது, எம்ஆர்பி என்றால் அரசு மருத்துவர் பணிக்கான தேர்வு, பிஎச்சி என்றால் ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். 2021 தேர்வுக்கு அண்ணா நகரில் ஒரு அறை எடுத்து டிராப், இப்போது நீலகிரி மலையில் பந்தலூர் தாலுகாவில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர். சீட் வாங்கி முடித்தவள் பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம், நானும் இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன்.

முதலில் டிராப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பத்தொன்பது சப்ஜெக்ட்டையும் ஒருமுறை முழுசாகத் தாண்டியது அந்த அறையில்தான். காலையில் வீடியோ, மதியம் நோட்ஸ், சாயங்காலம் ரீடிங் ரூம், ராத்திரி கேள்விகள் என்று ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார முடிந்தது. பக்கத்து மேஜையில் இருப்பவள் பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டாள் என்று தெரிந்தால் நமக்கும் கை பரபரக்கும். அந்த முதல் வாசிப்பை பிஎச்சியில் செய்யவே முடியாது என்று அடித்துச் சொல்வேன். ஓபி முடித்து, ரெஜிஸ்டர் எழுதி, குவார்ட்டர்ஸுக்கு வந்து எம்ப்ரியாலஜி வீடியோ போட்டால் பத்தாவது நிமிஷம் தூக்கம்தான்.

ஆனால் டிராப்பின் மொத்தக் கணக்கும் தேர்வுத் தேதி என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. எங்கள் தேர்வு 2021 ஏப்ரல் 18. சுவரில் ரிவிஷன் கேலண்டர் ஒட்டி, கடைசி மூன்று நாளுக்கு இமேஜ் கேள்விகள் மட்டும் என்று மஞ்சள் மார்க்கரால் கட்டம் போட்டு வைத்திருந்தேன். ஏப்ரல் 15 அன்று தள்ளிவைத்தார்கள். கொரோனா இரண்டாம் அலை, தள்ளியதில் தப்பே இல்லை. தேர்வு நடந்தது செப்டம்பர் 11. நடுவில் ஐந்து மாதம் வாடகை, மெஸ், அப்புறம் ஊருக்குப் போய் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பார்ப்பவர் எல்லாம் "இன்னும் படிக்கிறியாம்மா?" என்று கேட்பது. ஏப்ரலில் விரல் நுனியில் இருந்த வாஸ்குலைட்டிஸ் (ரத்தக்குழாய் அழற்சி) வகைகள் ஜூலையில் ஒன்றோடொன்று குழம்பிப் போயிருந்தன, திரும்ப உட்காரும் தெம்பும் இல்லை.

அது ஒரு வருஷத்து விபத்து என்றால் விட்டுவிடலாம். 2022 தேர்வு மார்ச் 12 என்றார்கள், மே 21 நடந்தது. 2023 மட்டும் சொன்னபடி மார்ச் 5. 2024 மார்ச்சிலிருந்து ஜூலைக்குப் போய், ஜூன் 23க்கு முன்னால் வந்து, கடைசியில் ஆகஸ்ட் 11. 2025 ஜூன் 15க்கு இருந்ததை, ஒரே ஷிஃப்டில் நடத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு ஆகஸ்ட் 3க்கு மாற்றினார்கள். ஐந்தில் நாலு தடவை நகர்ந்த தேதியை நம்பி யாராவது வேலையை விடுவார்களா? நாம் விடுகிறோம்.

2024 ஜூன் 22 சனிக்கிழமை ராத்திரி நான் கோவை காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் ஹால் டிக்கெட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தேன். விடிந்தால் தேர்வு. பத்து மணி வாக்கில் ஒத்திவைப்புச் செய்தி வந்தது. அதே நேரம் சென்னையில் டிராப்பில் இருந்த தோழி போனில் அழுதாள், அவளுக்கு அது இரண்டாவது வருஷம், அறையைக் காலி செய்வதாகச் சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருந்தாள். எனக்கும் கோபம்தான். ஆனால் ஞாயிறு காலையில் மேட்டுப்பாளையம் வழியாக பஸ் ஏறி, ஊட்டி, கூடலூர் என்று மாறி மாறி, மழையோடு மழையாக வந்து சேர்ந்து, திங்கள் காலை ஓபியில் உட்கார்ந்துவிட்டேன். ஃபார்மசிஸ்ட் அண்ணன் "பரீட்சை எப்படி மேடம்?" என்றார். "நடக்கவே இல்லைண்ணா" என்றேன். அவ்வளவுதான், டோக்கன் ஒன்று உள்ளே வந்தது. தேதி ஏழு வாரம் தள்ளிப் போனதில் என் மாதச் சம்பளமோ நாளின் ஒழுங்கோ எதுவும் கலையவில்லை.

சரி, பிஎச்சியில் படிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? நல்ல நாளில் மூன்று மணி நேரம், பிரசவம் வந்த நாளில் பூஜ்யம். இதில் ஒரு எதிர்பாராத வசதி இருக்கிறது. 2024லிருந்து நீட் பிஜியின் 200 கேள்விகளை ஐந்து பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் 40 கேள்விக்கு 42 நிமிஷம் என்று பூட்டிவிட்டார்கள். நேரம் முடிந்தால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. அந்த 42 நிமிஷம் பிஎச்சி நாளுக்குள் சரியாகப் பொருந்துகிறது: சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ராத்திரி ஒன்று. சென்னையில் மூன்றரை மணி நேர கிராண்ட் டெஸ்ட்டாகவே எழுதிப் பழகிய எனக்கு, பூட்டு விழுவதற்குள் சந்தேகக் கேள்வியை முடிவு செய்துவிடும் பழக்கம் இங்கேதான் வந்தது.

அதுவும் முழுசாக நடக்கும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் சாயங்காலம் முப்பத்தோராவது கேள்வியில் இருக்கும்போது சிஸ்டர் கதவைத் தட்டினார். தேயிலை பறிக்கும் அம்மா, வலது கையில் கடி, வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. கடித்ததை அடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள், குழிவிரியன். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான், நோட்ஸில் ஒற்றை வரியாகத் தாண்டிப் போனது உறைத்தது: நம்மிடம் இருக்கும் ஏஎஸ்வி என்ற பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான், இந்த மலைக் குழிவிரியன்களுக்கு அது கேட்காது. ரத்தம் உறைந்திருந்தது, ஆனாலும் கண்காணிப்பில் இருக்கட்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டெஸ்ட் பாதியில் போச்சு, அந்த வரி மட்டும் இனி மறக்காது.

இப்படி பிஎச்சி சும்மாவே ஊட்டிவிடும் பாடங்கள் உண்டு. பிஎஸ்எம் என்ற சமூக மருத்துவப் பாடம் முழுக்க இங்கே நடமாடுகிறது. தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி, ஹெபடைட்டிஸ் பி, பென்டா போன்றவற்றை அடியில் வைக்கக்கூடாது, கரைத்த எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசிக் குப்பியை நாலு மணி நேரத்தில் தூக்கிப் போட வேண்டும் என்பதையெல்லாம் டிராப்பில் மனப்பாடம் செய்தேன், இங்கே தினமும் கண்ணால் பார்க்கிறேன். கூடலூர், பந்தலூர் பழங்குடி கிராமங்களில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பதால் அதற்கான ஹைட்ராக்ஸியூரியா எனக்கு எம்சிக்யூ விடை இல்லை, மாதாமாதம் எழுதும் மருந்து. ஆனால் இந்தப் பெருமையில் மயங்கிவிடக் கூடாது. அனாட்டமி, பயோகெமிஸ்ட்ரி, ரேடியாலஜி படங்கள், கண், காது மூக்கு தொண்டையில் அபூர்வமானவை எதுவும் இங்கே வாசலைத் தாண்டி வராது. அதை உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

வீடியோவா, கேள்வி வங்கியா என்ற சண்டைக்கும் என் பதில் இடத்தைப் பொறுத்துத்தான். சென்னையில் வீடியோ. மலையில் கேள்வி வங்கியும் உங்கள் பழைய நோட்ஸும், கூட எதுவும் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவாலா பக்கம் கொட்டும் மழையில் மரம் விழுந்தால் கரன்ட் போகும், டவரும் போகும். மாரோவோ ப்ரெப்லேடரோ எந்த ஆப் வைத்திருந்தாலும், மே மாதமே வேண்டியதை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் சர்வீஸ் கோட்டா. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி அரசுப் பணி மருத்துவர்களுக்கு. மாநிலம் இப்படி ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இதோடு மலை, கடினப் பகுதிப் பணிக்கு ஊக்க மதிப்பெண்: வாங்கிய மதிப்பெண்ணில் ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை, அதிகபட்சம் முப்பது. 800க்கு 400 வாங்கியவருக்கு ஒரு வருஷத்துக்கு 40 கூடலாம். டிராப்பில் அந்த நாற்பதை ஏற்ற எத்தனை ரிவிஷன் வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். படிக்கும் காலத்தில் சம்பளமும் வரும். ஆனால் எந்த நிலையம் எந்தப் பட்டியலில் வருகிறது என்பதை போஸ்டிங் கவுன்சலிங்குக்கு முன்பே அரசாணையில் பார்த்துவிடுங்கள், நீலகிரி என்ற பெயரை மட்டும் நம்பி எடுக்காதீர்கள்.

இதன் விலையும் பெரிதுதான். எம்ஆர்பி தேர்வு, போஸ்டிங்குக்குக் காத்திருப்பு, அப்புறம் இரண்டு வருஷப் பணி முடிந்தால்தான் கோட்டா. டிராப் பலித்தால் ஒரே வருஷத்தில் வார்டில் பிஜியாக நிற்பீர்கள். படித்து முடித்து அரசுப் பணி செய்கிறேன் என்று எழுதித் தரும் பாண்ட் இரண்டு பக்கமும் உண்டு, சர்வீஸ்காரர்களுக்கு அது இன்னும் நீளம். ரேடியாலஜி, டெர்மா என்று ஒற்றைக் காலில் நிற்பவர், வீட்டில் பணத்துக்கு நெருக்கடி இல்லாதவர், ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே டெஸ்ட்டில் நல்ல ரேங்க் காட்டியவர் டிராப் போடட்டும், ஒரே ஒரு தடவை. மெடிசின், பீடியாட்ரிக்ஸ், ஓஜி (மகப்பேறு), அனஸ்தீசியா போதும் என்பவர் முதல் வாசிப்பை ஹவுஸ் சர்ஜன் வருஷத்திலேயே எப்படியாவது முடித்துவிட்டு மலை ஏறுவது மேல். நான் அதை அப்போது முடிக்காததற்குத்தான் டிராப்பில் ஒரு வருஷம் கொடுத்தேன்.

தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டு பகலில் படிப்பது என்று மூன்றாவது வழி ஒன்று சொல்வார்கள். எட்டு மாதம் செய்தேன். பகலில் தூங்கினேன்.

ஐஎன்ஐ சிஇடி என்ற தனி நுழைவுத் தேர்வை எழுதலாமா என்றால், எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, எய்ம்ஸ், ஜிப்மர் சீட்டுகள் அதில்தான். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும், மலைப் பணிக்கான ஊக்க மதிப்பெண் எல்லாம் அங்கே செல்லாது. பிஎச்சியிலிருந்து போகிறவருக்கு அது முக்கியமாக ஒத்திகை.

கடைசியாக ஒன்று. 2024, 2025 இரண்டுமே ஆகஸ்டில் நடந்தன, தென்மேற்குப் பருவமழை பலமாகப் பெய்யும் மாதம் அது. சென்னைக்காரர் காலையில் இட்லி சாப்பிட்டு மெட்ரோ ஏறலாம். நாம் வெள்ளிக்கிழமையே இறங்கிவிட வேண்டும். குன்னூர் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழி, அதுவும் அடைத்தால் என்ன செய்வது என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. ஈஎல் (ஈட்டிய விடுப்பு) விண்ணப்பத்தை மாற்று மருத்துவரின் பெயரோடு ஒரு மாதம் முன்பே கொடுங்கள், தேதி தள்ளிப் போனால் ரத்து செய்து திரும்ப எழுத இன்னொரு வெள்ளைத்தாளும் பையில் இருக்கட்டும்.